உதடு குவியாத உ

லிங்கி செட்டித் தெருவில், ஜெராக்ஸ் மெஷினுக்கும்
நோட்டரி வக்கீலின் நாற்காலிக்கும் நடுவே
எனக்கு மூன்றடி இடம். கீபோர்டு, டோனர் வாசம்,
மின்விசிறிக்குப் பயந்து காகிதத்தின்மேல் வைத்த பூட்டு.

ராயபுரத்து ஜெசிந்தா வெள்ளிக்கிழமை வந்தாள்,
தோளில் நாற்பது நாள் பிள்ளை.
மாநகராட்சிப் படிவத்தில் தகப்பன் பெயர் தமிழில் வேண்டும்.
தகப்பன் கப்பல் எலெக்ட்ரீஷியன், பல்கேரியன்.
இப்போது சூயஸுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா
அவளுக்கே தெரியாது.

பாஸ்போர்ட்டில் ஆங்கிலம் ‘கலபோவ்’ என்கிறது.
ஏற்கெனவே ஒருமுறை கொண்டுபோனாளாம்.
வார்டு ஆபீஸில் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டிருக்கிறார்:
“கலப்பா?”

அதற்கு மேல் வரியில் அவன் பாஷை:
ГЪЛЪБОВ.
இரண்டு இடத்தில் ஒரே எழுத்து.
வயிறு தள்ளிய கம்பம், உச்சியில்
இடப்பக்கம் நீட்டிய குட்டைக் கை,
பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி.

மருத்துவம் படித்துத் திரும்பும் பிள்ளைகளின் ரஷ்யச் சான்றிதழ்களைப்
பதினெட்டு வருஷமாகத் தட்டுகிறேன். அங்கே அது பேசாது.
இரண்டு ஒலி ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் நிற்கும் சுவர்.
ஒரு சொல்லில் அதை உருவிவிட்டால்
‘தின்றான்’ என்பது ‘உட்கார்ந்தான்’ ஆகிவிடும்.
முன்பு சொல்லுக்குச் சொல் கடைசியில் நின்றிருக்கிறது,
வேலையே இல்லாமல், இடத்துக்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டு.
புரட்சி வந்து, வாலிலிருந்து இறங்கு என்றது.
மாலுமிகள் அச்சுக்கூடங்களில் புகுந்து அந்த ஈய எழுத்தை
அள்ளிப் போனார்களாம். சுவருக்குக்கூட ஆள் இல்லாமல்
கொஞ்ச காலம் ஒரு மேற்கோள்குறியை நிறுத்திச் சமாளித்தார்களாம்.

‘ஓ’வை ஒடித்துச் செய்ததோ என்னவோ,
அறிந்தவர்களே தோளைக் குலுக்குகிறார்கள்.
ஆயிரம் வருஷத்துக்கு முன் அது ஒரு குட்டி உகரம்.
வடக்கே போன வாயில் தேய்ந்து காற்றானது.
பல்கேரியனிடம் மட்டும் இன்னும் உயிரெழுத்து.
அவன் அதைப் பெரிய ‘ஏர்’ என்பான்.
நம் ஏர் இல்லை. எதையும் உழாது.

ஜெசிந்தா போனை என் காதில் வைத்தாள்.
லாரி ஹாரனுக்கு அடியில் அவன் தன் பெயரைச் சொல்கிறான்,
மெதுவாக, மூன்று தரம்.
அ இல்லை. இ இல்லை.
உதடு குவியாத ஒரு உ.

எனக்குத் தெரிந்த சத்தம்தான் அது.
வீடு, காசு, கணக்கு என்று முடிக்கும்போது
வாயிலிருந்து நழுவும் அரை மாத்திரை.
அவர்கள் வாலை வெட்டினார்கள்.
நாங்கள் பஸ்ஸு, பில்லு, பாஸ்போர்ட்டு என்று
வந்த சொல்லுக்கெல்லாம் அதே வாலை ஒட்டி அனுப்புகிறோம்.

எழுதத்தான் வழியில்லை.
‘குலுபோவ்’ என்றால் சீட்டுக் குலுக்குகிற சத்தம்.
‘கிலிபோவ்’ என்றால், பிள்ளைக்கு எதற்குக் கிலி?
பெயருக்குள் இருப்பது புறா அக்கா என்றாள்.
ஹைகோர்ட்டுச் சிவப்புக் கோபுரத்தில்
எச்சமிட்டுக்கொண்டு உட்காருமே, அதே.

பழைய இலக்கணத்தில் அந்த அரை உகரம்
சொல்லின் கடைசியில்தான் நிற்கும். முதலில் வராது.
ஒரே ஒரு சொல்லுக்கு விலக்கு உண்டு,
இன்று யாரும் பேசாத சொல்:
நுந்தை.
உன் அப்பா.

கை கொஞ்ச நேரம் விசைமேல் நின்றது.
பிறகு ‘கலபோவ்’ என்றே தட்டினேன்.
பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் துப்பிவிடும்,
நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது.

எழுதியதைப் படிக்காதே, என்றேன் ஜெசிந்தாவிடம்.
காசு என்று சொல்லு.
அந்த ‘சு’ முடிகிற இடத்தில் நில்லு.
அங்கேயிருந்து கூப்பிடு அவனை.

சொல்லிப் பார்த்தாள். மறுபடி சொன்னாள்.
சரியாக வந்ததா, லாரிச் சத்தத்தில் தெரியவில்லை.
பிள்ளை மட்டும் முகத்தைத் திருப்பியது,
அதுவும் மின்விசிறிக்காக இருக்கலாம்.

அறுபது ரூபாய். எண்ணி வாங்கி டிராயரில் போட்டேன்.
வரிசை வாசல்படி வரை நின்றிருந்தது.

அடுத்தது
யாரு?